அவன் எழுதாத வரிகள்

பூச்சி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. கணவன் வைத்தது.

கல்யாணத்துக்கு முன்பு இருவரும் ஒரே கம்பெனியில் இருந்தார்கள். அவன் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுவான். அவள் அதில் இருக்கும் பிழைகளைத் தேடிப் பிடிப்பாள். அந்தத் தொழிலில் பிழைக்குப் பூச்சி என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. ‘பூச்சி பிடிக்கிற பொண்ணு’ என்று அவன் ஆரம்பித்து வைத்தது, வெறும் பூச்சியாகச் சுருங்கி, கல்யாணப் பத்திரிகையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நிலைத்துவிட்டது. அவனுக்கும் ஒரு பெயர் இருந்தது: எக்ஸ்பிரஸ். பேச்சும் வேகம், விரலும் வேகம். எதிராளி கேள்வியை முடிப்பதற்குள் பதிலை எழுதி ஓட்டியே காட்டிவிடுவான்.

அந்த எக்ஸ்பிரஸ்தான் போன வருஷம் குளியலறையில் விழுந்து கிடந்தான். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு.

உயிர் தப்பியது. வலது கை பாதி திரும்பி வந்தது. வார்த்தைகள்தான் திரும்பவில்லை. பிறர் பேசுவது எல்லாம் அவனுக்குப் புரியும். சொல்ல வேண்டியதும் மனசுக்குள் தெளிவாக இருக்கும். வாய்க்கு வரும் வழியில் பாதி தொலைந்துபோகும். ஜன்னலைச் சாத்தச் சொல்ல நினைத்தால் ‘கதவு’ என்று வரும். தண்ணீர் கேட்டால் ‘நாளைக்கு’ என்று வரும். பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து, அவன் எதைச் சொல்லி எதைக் கேட்கிறான் என்பது பூச்சிக்கு அத்துப்படி ஆகிவிட்டது. டாக்டரிடமும் கடையிலும் போனிலும் அவன் மூன்று வார்த்தை சொல்வான். அவள் அதை ஒரு முழு வாக்கியமாக்கிக் கொடுப்பாள். எதிரில் இருப்பவர் அவனைப் பார்த்துக் கேட்பார், அவளைப் பார்த்துத் தலையாட்டுவார்.

கம்பெனி அவனைக் கைவிட்டுவிடவில்லை. விடுப்பை நீட்டி, ஒரு சின்ன வேலையையும் கொடுத்து, “முடிச்சுக் காட்டுங்க சார், அப்புறம் பேசிக்கலாம்” என்றார் மேலாளர். ரத்தப் பரிசோதனைக் கூடங்களிலிருந்து ஆளுக்கொரு மாதிரி வரும் முடிவுகளைச் சேகரித்து, எந்த நோயாளிக்கு எது என்று பொருத்தி, அந்தந்த டாக்டருக்கு அனுப்ப வேண்டும். அதைப் பைத்தானில், மலைப்பாம்பின் பெயர் கொண்ட கம்ப்யூட்டர் மொழியில், எழுத வேண்டும். அவன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதிய மொழி அது.

இப்போது அதை முதலிலிருந்து படித்தான்.

கல்லூரிப் பிள்ளைகளுக்காக யாரோ போட்டிருந்த பாட வீடியோக்களைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பார்ப்பான். “இது ரொம்ப ஈஸி ஃப்ரெண்ட்ஸ்!” என்று அந்தப் பையன் ஒவ்வொரு தடவையும் துள்ளும்போது பூச்சிக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருக்கும். கணவன் முகம் சுளிக்காமல் மறுபடி பின்னால் தள்ளிப் பார்ப்பான். தொலைந்துபோன வார்த்தைகளுக்குப் பதில் அவனே பெயர் வைத்துக்கொண்டான். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வதற்குச் ‘சுத்து’. இப்படி இருந்தால் இதைச் செய் என்பதற்குக் ‘கேள்வி’. பல விஷயங்களை ஒன்றாகப் போட்டு வைப்பதற்குப் ‘பை’. பக்கத்தில் உட்கார்ந்து அவளும் படித்தாள். கம்பெனியை விட்டுப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குப் போன பிறகு அவளும் அதையெல்லாம் மறந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஒரே பாடத்தை இருவரும் சேர்ந்து படித்த அந்த மாதங்களில், வீட்டில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

அப்புறம்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

நேற்றுக் காலை அவன் கைப்பயிற்சிக்குப் போயிருந்தான். ஒரு வாரமாக அவனுடைய புரோகிராம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு நாளுக்கு முன்பு அவள் ஒரு தவறைச் சுட்டிக்காட்டியபோது அவன் கோபப்படவில்லை. விசைப்பலகை மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். அதன் பிறகு எதையும் சுட்டிக்காட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ‘சும்மா பார்ப்போம்’ என்றுதான் ஃபைலைத் திறந்தாள்.

முட்டிக்கொண்டிருந்த இடம் உடனே தெரிந்தது. அதைவிடப் பெரியது ஒன்றும் தெரிந்தது. நோயாளியின் பெயரை மட்டும் வைத்து முடிவுகளைப் பொருத்தியிருந்தான். ஒரே பெயரில் இருவர் இருந்தால், ஒருவர் ரத்தத்தின் முடிவு இன்னொருவர் டாக்டருக்குப் போய்விடும்.

திருத்தினாள். பெயரோடு பிறந்த தேதியையும் சேர்த்துப் பார்க்கும்படி எழுதினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. அடுத்ததை, அதற்கடுத்ததை என்று கிட்டத்தட்டப் பாதி புரோகிராமைத் திருப்பி எழுதிவிட்டாள். எழுதும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அவன் வந்து உட்கார்ந்தான். மேலே ஒரு வரியில் ஒரு எழுத்தை மாற்றி, கீழே நகர்த்திப் பார்க்காமலே, பயந்துகொண்டே ஓட்டினான். ஓடியது.

தான் மாற்றிய அந்த ஓர் எழுத்தால்தான் ஓடியது என்று நினைத்தான். எழுந்து நின்று, நல்ல கையால் அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டான். அவன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது அவள் காதில் கேட்டது. அந்த நேரத்தில் எந்தப் பெண்டாட்டிதான் வாயைத் திறப்பாள்?

இன்று அதைக் கம்பெனியில் காட்ட வேண்டிய நாள்.

*

“டேய் தம்பி, கிளம்பியாச்சா இல்லையா? கீழே வண்டியை நிறுத்த இடமில்லாம ரெண்டு சுத்து சுத்திட்டேன்!”

நாத்தனார் கதவைத் தட்டவில்லை. அவர் குரலே தட்டிவிடும். சொந்தமாக டாக்சி ஓட்டுகிறவர். தம்பி விழுந்த நாளிலிருந்து, காலையில் முதல் சவாரி அவனுக்குத்தான்.

அவன் சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தான். பூச்சி உதவிக்குப் போனாள். “ம்ஹும்” என்று விலகிக்கொண்டான். கடைசிப் பொத்தான் துளையில் நுழைந்ததும் நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, மலையேறி முடித்தவன் பார்வை.

“அடேங்கப்பா, மாப்பிள்ளை கணக்கா இருக்கான்” என்றார் அக்கா. “ஏண்டா, அது என்னமோ பேர் சொன்னியே, மலைப்பாம்பு. அது உன்னை விழுங்கிடாதே?”

“நான்...” என்று தேடினான். “நான்... விழுங்கிட்டேன்.”

அக்கா கைதட்டிச் சிரித்தார். பூச்சியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடினாள்.

வண்டியில் வழக்கம்போல இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். வெளியே அலுவலக நேரத்து நெரிசல். சிக்னலுக்குச் சிக்னல் வண்டி நின்றது. அவன் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருந்தன. பேச வேண்டியதை ஒத்திகை பார்க்கிறான்.

“வணக்கம். இது... என் வேலை. முடிவு எல்லாம்... இங்க வரும். சுத்து. அப்புறம்...” நின்றான். கண்ணை மூடினான். “அப்புறம்... டாக்டருக்கு.”

“ரொம்ப நல்லா இருக்கு” என்றாள் பூச்சி.

“பயம்” என்றான்.

“எதுக்கு? அதான் ஓடுதே.”

“ஆமா.” முகம் மலர்ந்தது. “ஓடுது. நான்... ஓட வெச்சேன், பூச்சி.”

இப்போது சொல்லிவிடலாமா? இந்த நெரிசலில், கம்பெனிக்கு இன்னும் இரண்டு தெரு இருக்கையில், சொல்லி அவனை நொறுக்கி உள்ளே அனுப்புவதா? வேலை கிடைக்கட்டும். பிறகு ஒருநாள், சிரித்துப் பேசிக்கொள்ளும் ஒருநாள் சொல்லிக்கொள்ளலாம்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

கண்ணாடிச் சுவர் வைத்த அறை. நீள மேசை. சுவரில் பெரிய திரை. ஒரு பக்கம் மேலாளர்; ஒரு காலத்தில் அவனுக்குக் கீழே வேலை பழகிய பெண், இன்றும் அவனைச் சார் என்றுதான் கூப்பிடுவார். இன்னொரு பக்கம் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்திருந்த டாக்டர் அம்மா. பேச்சுக்கு உதவி தேவைப்படும் என்று பூச்சியையும் உள்ளே உட்காரச் சொல்லியிருந்தார்கள்.

“வணக்கம்” என்றான். “இது என் வேலை.”

தடங்கல் இல்லாமல் வந்தது. அவனுக்கே ஆச்சரியம். பூச்சியைத் திரும்பிப் பார்த்தான்.

ஓட்டிக் காட்டினான். திரையில் வரிகள் விறுவிறுவென்று ஏறின. ஒவ்வொரு பரிசோதனையும் அதனதன் டாக்டர் பெயருக்கு எதிரே போய் உட்கார்ந்தது. மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. “சார், நீங்க திரும்பி வந்துட்டீங்க” என்றார்.

டாக்டர் அம்மா மட்டும் முன்னால் குனிந்து பார்த்தார். “எனக்கு ஒரு சந்தேகம். எங்ககிட்ட ஒரே பேர்ல நிறையப் பேர் வருவாங்க. போன தடவை வேற ஒருத்தர் செஞ்சு கொடுத்ததுல முடிவு மாறிப்போய், நல்லா இருந்த ஒருத்தருக்குப் பெரிய வியாதின்னு சொல்லிட்டாங்க. இதுல அது நடக்காதே?”

“சோதிச்சுப் பாத்துடலாம்” என்று மேலாளரே ஒரே பெயரில் இரண்டு பேரைப் போட்டு ஓட்டினார். இரண்டும் தனித்தனியாகச் சரியான இடத்துக்குப் போயின.

“பிரமாதம்” என்றார் டாக்டர் அம்மா. “இதை எப்படிச் செஞ்சீங்க? எனக்குப் புரியாது, இருந்தாலும் காட்டுங்களேன்.”

அவன் முகத்தில் சின்னக் குழப்பம். அப்படி ஒன்றைச் செய்த ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாமல் போவதுதான் அவனுக்கு வாடிக்கை ஆயிற்றே. ஃபைலைத் திறந்து கீழே நகர்த்தினான்.

பூச்சி நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

அவன் எழுதும் வரிகள் நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். பெயர்கள் ஓரெழுத்து, ஈரெழுத்து. அவள் அப்படி எழுத மாட்டாள். ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு வெற்று வரி விடுவாள். பெயர்களை முழுசாக, நீளமாக வைப்பாள். ‘உனக்கு மூச்சு விட இடம் வேணும் இல்ல?’ என்று அந்தக் காலத்தில் அவன் கிண்டல் செய்வான். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவள் கை மாறவில்லை. திரையில் பாதிக்கு மேல் அவள் கைதான் இருந்தது.

அவன் படித்தான். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. அறை காத்திருந்தது. ஒரு கட்டத்தில் அவன் நகர்த்துவதை நிறுத்திவிட்டான்.

அவளைத் திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தாள். பார்க்கவில்லை.

“இது...” என்றான். “இது நான் இல்ல.”

மேலாளர் சிரித்தார். “இவ்வளவு அடக்கம் கூடாது சார்.”

“இல்ல.” தலையை ஆட்டினான். “நான் இல்ல. வேற... வேற கை.”

வார்த்தை தடுமாறுகிறது என்றுதான் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். மேலாளர் பூச்சியிடம் திரும்பினார். “என்ன சொல்றார், அக்கா?”

அவனும் அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தான். கண்ணில் கோபம் இல்லை. சொல்லு என்று கேட்கிற கண்.

பூச்சி வாயைத் திறந்தாள்.

“தான் மட்டும் செய்யலைன்னு சொல்றார். கத்துக் கொடுத்தவங்க, கூட இருந்தவங்க எல்லாருக்கும் இதுல பங்கு இருக்காம்.”

“என்ன மனுஷர்!” என்றார் டாக்டர் அம்மா.

மேலாளர் கைதட்டினார். அந்தக் கைதட்டலுக்கு நடுவே அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, வெளியே போய்விட்டான்.

*

மாடிப்படி வளைவில் நின்றுகொண்டிருந்தான். கைப்பிடியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

“என்னை மன்னிச்சுடு” என்றாள் பூச்சி. “தப்பா ஒரு முடிவு ஒருத்தருக்குப் போயிடக் கூடாதேன்னுதான் முதல்ல...”

“நல்லா இருக்கு” என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

“வரி. நல்லா... எழுதியிருக்க.” நிஜமாகவே சொன்னான். தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவளுக்குச் சொல்வது போல. அதற்குப் பதில் அவன் ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

“நீ அழுதியே, அன்னிக்கு. அதைப் பார்த்த பிறகு உன்கிட்ட எப்படிச் சொல்வேன்?”

“அழுதேன்.” ஒப்புக்கொண்டான். “அழுதா... என்ன?”

கைப்பிடியில் அவன் கைக்குப் பக்கத்தில் அவள் தன் கையை வைத்தாள்.

“தப்பு...” என்று ஆரம்பித்தான். அடுத்த வார்த்தை வரவில்லை. நெற்றியைத் தேய்த்தான். அவள் பழக்க தோஷத்தில் எடுத்துக் கொடுக்கப் போனாள். “தப்பு நடந்து...”

கையை உயர்த்தி அவளை நிறுத்தினான். காத்திருந்தான். அவளும் காத்திருந்தாள். மேல்மாடியிலிருந்து யாரோ இறங்கி வந்து, இருவரையும் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள்.

“தப்பு என்னோடது” என்றான் கடைசியில். “அது... என்னோடது. அதையும் எடுத்துட்ட.”

பூச்சி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“அங்க...” கண்ணாடி அறைப் பக்கம் காட்டினான். பிறகு தன் உதட்டைத் தொட்டான். “இதையும்.”

அதற்கு மேல் அவன் நிற்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தான். அவள் பின்னாலேயே போனாள். அறைக் கதவைத் தாண்டி உள்ளே போனதும் அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினான். ஓங்கி அறையவில்லை. மெதுவாகத்தான் சாத்தினான்.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.

அவன் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ஒவ்வொரு நாளும் வேலையை முடிக்கும்போது ஒரு நகல் எடுத்து வைப்பது அவனுடைய வழக்கம். வார்த்தைகள் போனபோதும் அது போகவில்லை. அந்த நகல்களிலிருந்து ஒன்றைத் திறந்தான். அவள் கை படுவதற்கு முந்தின நாளுடையது. நெருக்கமான வரிகள், ஓரெழுத்துப் பெயர்கள். ஓட்டினான்.

திரையில் நான்கு வரி ஏறியது. பிறகு சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்து நின்றது.

அவன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனான். அந்தச் சிவப்பு எழுத்துகளை விரலால் தொட்டுக் காட்டினான். பிறகு அதே விரலால் தன் நெஞ்சைத் தொட்டான். என்ன சொல்கிறான் என்பது கண்ணாடிக்கு வெளியே நின்றவளுக்கும் கேட்ட மாதிரியே இருந்தது. இதுதான் நான்.

டாக்டர் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மேலாளர் வாயைப் பொத்திக்கொண்டார்.

பூச்சிக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. இந்த ஒரு வருஷத்தில் அவன் யாருடைய துணையும் இல்லாமல் சொல்லி முடித்த முதல் விஷயம் அது. ஒரு வார்த்தை பிசகவில்லை.

*

கொஞ்ச நேரம் கழித்து மேலாளர் மட்டும் வெளியே வந்தார். மூக்கு சிவந்திருந்தது.

“அக்கா, எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும். இந்த வேலையை அவர்கிட்ட இப்போ கொடுக்க முடியாது. நோயாளிங்க விஷயம். மேலிடத்துல விடுப்பை இதுக்கு மேல நீட்டவும் மாட்டேங்கறாங்க. நான் கேட்டுப் பார்த்துட்டேன்.”

“தெரியும்மா” என்றாள் பூச்சி. “இது என்னாலதான். நான் கை வைக்காம இருந்திருந்தா அவரே தப்பைக் காட்டி, இன்னும் ஒரு மாசம் டைம் கேட்டிருப்பார்.”

மேலாளர் இல்லை என்று சொல்லவில்லை. கைக்கடிகாரத்தின் பட்டையைத் தள்ளித் தள்ளி விட்டார்.

“இன்னொண்ணும் கேக்கணும். கேக்கறதுக்கு நல்ல நேரம் இல்லைதான். ஆனா டாக்டர் அவசரப்படறாங்க.” தயங்கினார். “அந்தத் திருத்தம் எல்லாம் நீங்க செஞ்சதுன்னு சார் சொன்னார். அதாவது, உங்களைக் காட்டினார். நீங்க இதைத் தொடர்ந்து செய்ய முடியுமா? முழு நேர வேலையாவே எடுத்துக்கறோம். சாரோட இடம் இப்போ...”

வாக்கியத்தை முடிக்கவில்லை. அறைக் கதவு திறந்திருந்தது. அவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

“வேண்டாம்” என்றாள் பூச்சி சட்டென்று.

“இப்பவே சொல்ல வேண்டாம் அக்கா. காலையில சொல்லுங்க.”

அவன் அவர்களைக் கடந்து லிஃப்ட் பக்கம் நடந்தான். போகும்போது மேலாளரின் தோளில் ஒரு தடவை தட்டினான். பூச்சியைத் தொடவில்லை.

கீழே டாக்சியில் அக்கா பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவலோடு நின்றிருந்தார். அவன் அந்தக் கதவைச் சாத்திவிட்டு, முன்சீட்டில் ஏறிக்கொண்டான்.

“என்ன ஆச்சு?” என்றார் அக்கா.

பூச்சி பின்கதவைத் தானே திறந்து ஏறினாள். வண்டி நகர்ந்தது. வீட்டு வாசலில் பூச்சி இறங்கினாள். அவன் இறங்கவில்லை.

“அக்கா” என்றான், நேரே பார்த்துக்கொண்டு. “உன்... வீடு.”

*

சாயங்காலம் நாத்தனார் தனியாக வந்தார். இந்தத் தடவை கதவைத் தட்டினார்.

“மாத்திரையும் ரெண்டு செட் துணியும் எடுத்துட்டுப் போக வந்தேன்.”

பூச்சி எடுத்து வைத்திருந்தாள். பையை நீட்டிவிட்டு, நடந்ததை எல்லாம் சொன்னாள். ஃபைலைத் திறந்ததை, கை நிற்காமல் போனதை, எழுதும்போது சந்தோஷமாக இருந்ததைக்கூட மறைக்கவில்லை. கண்ணாடி அறையில் அவன் வார்த்தையைத் தான் திரித்துச் சொன்னதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியின் கையில் பாரத்தைப் போட்டு மெல்ல உட்கார்ந்தார்.

“அவனுக்குப் பேச்சே போயிடுச்சுன்னு நினைச்சிட்டு இருந்தோம். மிச்சம் கொஞ்சம் இருந்திருக்கு. அதையும் நீ பேசிட்ட.”

“ஆமா அண்ணி.”

“கெட்ட எண்ணத்துல செய்யலை, அது எனக்குத் தெரியும். உன்னைவிட யார் அவனைப் பாத்துக்கிட்டாங்க? நான் செஞ்சிருப்பேனா? மாட்டேன். ரெண்டே நாள்ல கத்திட்டு ஓடியிருப்பேன்.” மூக்கை உறிஞ்சினார். “சரி, அந்த வேலை விஷயம் என்ன? அந்தப் பொண்ணு உன்னைக் கேட்டுதாமே.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவன்தான் சொன்னான். சொல்லி முடிக்க மத்தியானம் பூரா ஆச்சு. எனக்கு உன்னை மாதிரி சட்டுனு புரியாதே. நானும் இதுவா, அதுவான்னு ஒண்ணொண்ணாக் கேட்டேன். அவனும் இல்லை, இல்லைன்னு... கடைசியில ரெண்டு பேருக்கும் வேர்த்துப்போச்சு.” லேசாகச் சிரித்தார். “ஆனா சொல்லிட்டான்.”

ஒரு மத்தியானம் முழுக்க அவன் பேசியிருக்கிறான். அவள் பக்கத்தில் இல்லாத ஒரு மத்தியானம்.

“நான் போக மாட்டேன் அண்ணி. காலையில போன் பண்ணி முடியாதுன்னு சொல்லிடறேன்.”

“அவசரப்படாதே.” அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனவர், நின்றார். “கிளம்பும்போது, உன் பொண்டாட்டிகிட்ட என்னடா சொல்லன்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சான். அப்புறம் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். கூட்டாம குறைக்காம அப்படியே சொல்றேன், சரியா?”

“சொல்லுங்க.”

“போகட்டும்.”

பூச்சி அக்காவின் வாயையே பார்த்தாள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். ‘போகட்டும்.’ எனக்கு ஒண்ணும் விளங்கலை. நீ வேலைக்குப் போகட்டும்கறானா? நடந்தது போகட்டும், விட்டுடலாம்கறானா? இல்ல, நீ அவனை விட்டே...” அக்காவுக்கு மூன்றாவதைச் சொல்ல நா எழவில்லை. “முகத்தைப் பார்த்தேன். முகத்துலயும் ஒண்ணும் தெரியலை. திருப்பிக் கேட்டேன். திருப்பி அதையேதான் சொன்னான்.”

தெருவில் யாரோ, இடத்தை அடைத்துக்கொண்டு நின்ற டாக்சியைப் பார்த்து ஹாரன் அடித்தார்கள். அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை.

“நீதானே பூச்சி அவன் பேச்சுக்கு அர்த்தம் சொல்றவ. ஒரு வார்த்தை சொன்னா ஒன்பது வார்த்தை புரியும் உனக்கு. சொல்லு. என்ன சொல்றான் என் தம்பி?”

பூச்சி அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், அவன் குரலில், அவன் தடுமாறும் தாளத்தில். மூன்று அர்த்தமும் ஒன்றுபோலவே பொருந்தின. எது தனக்கு வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். எப்போதும் அப்படித்தான் எடுத்திருக்கிறோமோ என்று தோன்றியது.

“எனக்குத் தெரியலை அண்ணி” என்றாள்.